டர்பனில் தமிழ் ஆல்டர்நேட்டிவ் மெட்டல்: முதல் தனிப்பாடலையும் அதன் இரண்டு காணொளிகளையும் உருவாக்கி வெளியிடும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் கராஜில் நான்கு இளைஞர்கள் தங்கள் முதல் பாடலை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடகரின் கையில் இருந்த தாளில் தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. பல்லவியில் வரவேண்டிய சொல் 'பாலம்'. தாளிலோ பி, ஏ, எல், ஏ, எம் என்ற ஐந்து எழுத்துகள்தான் இருந்தன. பாலம், பலம், பழம் ஆகிய மூன்றும் அந்த ஐந்து எழுத்துக்குள் அடங்கிவிடும். அவர் பாடியதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவருடைய ஆயா (பாட்டி) கதவருகே வந்து, "எந்தப் பழம் எரியுது தம்பி?" என்று கவலையோடு கேட்டார். அந்த வீட்டில் தமிழை முழுமையாக அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத்தோட்ட வேலைக்காக டர்பனில் வந்து இறங்கியவர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று தமிழில் பாட விரும்புவதே பெரிய செய்தி. அவர்களுக்கு நான் சொல்லிவருவது ஒன்றுதான்: கிட்டாரின் ஒலி எவ்வளவு கனமாக இருந்தாலும் சொல் கேட்கவேண்டும். இசையமைப்பு, ஒலிப்பதிவு, மிக்ஸிங் (பதிவான தடங்களைக் கலந்து சமன்செய்தல்), காணொளி ஆகிய எல்லா நிலைகளிலும் எந்த முடிவை எடுப்பது என்ற ஐயம் எழும்போது, சொல்லைத் தெளிவாக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். சில குழுக்களின் பதிவுக்கும் படப்பிடிப்புக்கும் உடனிருந்து உதவிய அனுபவத்தில் கீழ்வரும் முறையை எழுதுகிறேன்.

பெயரும் பாடல் தேர்வும்

குழுவின் பெயரை முதல் பாடலுக்கு முன்பே உறுதிசெய்துவிடுங்கள். ப்ரிட்டோரியாவில் 1999-இல் சாரன் கேஸ் என்ற பெயரில் தொடங்கிய குழு, தன் முதல் ஆல்பத்தை 2000-இல் அந்தப் பெயரிலேயே இங்கு வெளியிட்டது. பின்னர் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் செய்தபோது, அந்தப் பெயர் சாரின் நச்சுவாயுவை நினைவூட்டுகிறது என்பதால் அதை மாற்றவேண்டியதாயிற்று. சீதர் என்ற புதுப் பெயரில் 2002-இல் 'ஃபைன் அகெய்ன்' என்ற தனிப்பாடலோடு அவர்கள் உலகக் கேட்பவர்களுக்கு அறிமுகமானார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது. உங்களுக்கு அப்படி யாரும் இல்லாதபோது, பெயரை மாற்றினால் சேர்த்த கேட்பவர்களையெல்லாம் இழக்க நேரிடும். ஆகவே ஸ்பாட்டிஃபை, யூடியூப், ஆப்பிள் மியூசிக் ஆகியவற்றில் அதே பெயரில் வேறொருவர் இருக்கிறாரா என்று தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடிப் பாருங்கள்.

கையில் இருக்கும் பாடல்களில் மிக வேகமானதையோ மிகக் கடினமானதையோ முதல் தனிப்பாடலாக எடுக்காதீர்கள். இரண்டு முறை கேட்டவர் பல்லவியைத் தானே முணுமுணுக்கக்கூடிய பாடல் எதுவோ அதை எடுங்கள். நீளம் மூன்றரை நிமிடத்திலிருந்து நான்கு நிமிடத்துக்குள் இருக்கட்டும். முதல் இருபது விநாடிக்குள் குரல் வந்துவிடட்டும். ஃபெய்த் நோ மோர், ஹெல்மெட், டூல், டெஃப்டோன்ஸ் போன்ற குழுக்கள் வளர்த்த இந்த இசைவகையில் கிசுகிசுப்புக்கும் அலறலுக்கும் ஒரே பாடலில் இடம் உண்டு. கனத்த ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார்த் துணுக்குக்கு) நடுவில் மௌனத்துக்கும் இடம் உண்டு. தமிழ்ப் பாட்டுக்கு இது நல்ல வாய்ப்பு, ஏனென்றால் நம் சொற்களுக்குள்ளேயே அந்த மௌனம் இருக்கிறது. அதை அடுத்துப் பார்ப்போம்.

சொல்லை ரிஃப்பில் பொருத்துதல்

இந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளியில் படித்த இலக்கணம் கிட்டார்க் கலைஞருக்கு நேரடியாகப் பயன்படும். மெட்டல் இசையில் ஏழு எண்ணிக்கை கொண்ட ரிஃப் பரவலாக வரும். அதை மூன்றும் நான்குமாகப் பிரித்தால் நம் மிஸ்ர சாபு தாளம் கிடைக்கிறது: தகிட, தகதிமி. கராஜில் இருந்த அந்தப் பாடலின் அடி 'எரியும் பாலம்' என்பதாகும். எ, ரி, யும் என்ற மூன்று அசையும் 'தகிட'வில் உட்காருகின்றன. 'பா' நெடில் ஆதலால் 'தக' என்ற இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. மெய்யில் முடியும் 'லம்' மீதமுள்ள 'திமி'யை எடுத்துக்கொள்கிறது. ஏழும் நிறைந்துவிடுகிறது, எதையும் இழுக்கவோ நசுக்கவோ வேண்டியதில்லை.

அவர்கள் முதலில் வைத்திருந்த ரிஃப்பில் 'பா'வுக்கு ஒரே ஓர் எண்ணிக்கைதான் இருந்தது. நெடிலுக்கு உரிய நேரம் கிடைக்காததால் அது குறிலாகச் சுருங்கி 'பலம்' என்று ஒலித்தது. பாடகருக்கு ல, ழ வேறுபாடும் பிடிபடாததால் அது ஆயாவின் காதில் பழமாகியது. ஆகவே பிழை உச்சரிப்பில் மட்டும் இருக்கவில்லை, ரிஃப்பிலும் இருந்தது. ரிஃப்பை ஓர் எண்ணிக்கை நகர்த்தியதும் பாதிப் பிழை தானாகவே நீங்கியது. வரி பொருந்தாதபோது எப்போதும் பாடகரையே திருத்தச் சொல்லாமல், கிட்டாரையும் திருத்திப் பாருங்கள்.

இரட்டித்து வரும் வல்லினத்தைக் கவனியுங்கள். 'நெருப்பு' என்று சொல்லும்போது 'ப்ப' வரும் இடத்தில் உதடு மூடி ஒரு கணம் ஒலியே நின்றுவிடுகிறது. வலது உள்ளங்கையால் கம்பியை அமுக்கி ரிஃப்பை வெட்டும் இடத்தை அந்தக் கணத்தோடு சேர்த்துவைத்தால், சொல்லும் கருவியும் ஒன்றாக நின்று ஒன்றாக வெடிக்கும். வேறு மொழியில் பாடும் குழுக்கள் தேடித் தேடிச் செய்வது நமக்கு எழுத்திலேயே கிடைக்கிறது. அதே சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரத்தை நீட்டி அலறக்கூடாது; நீட்டினால் 'நெருப்பூ' என்று பூவாகிவிடும். நீண்ட அலறலுக்கு ஆ, ஏ, ஓ என்ற திறந்த நெடிலில் முடியும் சொற்களை வரியின் கடைசியில் வையுங்கள்.

தமிழ் படிக்கத் தெரியாத பாடகர் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ் தெரிந்த ஒரு பெரியவரை அழைத்து வரிகளை இரண்டு முறை, ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை பேசும் வேகத்திலும், கைப்பேசியில் பதிவுசெய்து கொள்ளுங்கள். பாடகர் அதைக் கேட்டே கற்கட்டும். தாளில் எழுதியே ஆகவேண்டும் என்றால் தமிழ் எழுத்தைப் பெரிதாக மேலே எழுதி, நெடிலின்கீழ் கோடிட்டு, ழகரத்தைச் சுற்றி வட்டமிட்டுக் கொடுங்கள். பதிவு நாளிலும் அந்தப் பெரியவர் உடன் இருப்பது நல்லது.

ஒலிப்பதிவு

சுருதியைக் கிட்டாருக்காக அல்லாமல் குரலுக்காகத் தேர்ந்தெடுங்கள். கம்பிகளை இறக்கிச் சுருதி வைக்கும் டிராப் டி, டிராப் சி ஆகிய இரண்டு முறைகளிலும் பல்லவியைப் பாடச் சொல்லி, எதில் சொல் தெளிவாக விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். டிராப் சி என்றால் கீழிருந்து மேலாக சி, ஜி, சி, எஃப், ஏ, டி என்று கம்பிகள் அமையும். வழக்கமான மெல்லிய கம்பி அதில் தளர்ந்து சுருதி விலகும் என்பதால் தடித்த கம்பித் தொகுதி ஒன்றைப் போட்டு, ஃப்ரெட்டுகளில் சுருதி சரியாக வருமாறு கிட்டாரைச் சரிசெய்து கொள்ளவேண்டும். ஒவ்வொரு டேக்குக்கு (ஒரு முறை வாசித்துப் பதிவதற்கு) முன்னும் டியூனரைப் பாருங்கள்.

பதிவை 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் வைத்துக்கொண்டால் பின்னர் காணொளியோடு சேர்க்கும்போது தொல்லை இராது. முதலில் தாளம் காட்டும் கிளிக் ஒலிக்கு டிரம்ஸ், பிறகு பேஸ், பிறகு கிட்டார், கடைசியில் குரல் என்ற வரிசை புதியவர்களுக்கு ஏற்றது. கிட்டாரை இடப்பக்கத்துக்கு ஒரு முறையும் வலப்பக்கத்துக்கு ஒரு முறையுமாகத் தனித்தனியே வாசித்துப் பதிவுசெய்யவேண்டும். ஒரே வாசிப்பை நகலெடுத்து இருபக்கமும் வைத்தால் அகலம் வராது. ஆம்ப் வழியாகப் போகும் ஒலியோடு, கிட்டாரிலிருந்து நேராக வரும் தூய ஒலியையும் ஒரு தனித் தடத்தில் சேமியுங்கள். டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியின் கரகரப்பு) பிடிக்காமல் போனால் அந்தத் தடத்தை மீண்டும் வேறு ஆம்ப் வழியாகச் செலுத்திக்கொள்ளலாம், மறுபடி வாசிக்கத் தேவையில்லை.

மின்வெட்டு அட்டவணையை முதல் நாளே பாருங்கள். லோட் ஷெடிங் எனப்படும் திட்டமிட்ட மின்வெட்டு இல்லாத மாதங்கள் வந்துவிட்டாலும் உள்ளூர்க் கோளாறுகள் நின்றபாடில்லை. டேக்கின் நடுவில் மின்சாரம் போனால் அந்த டேக் மட்டுமன்றி, சேமிக்காத கோப்பும் போய்விடும். மடிக்கணினியில் பதிவுசெய்து, சில நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கும் அமைப்பை இயக்கிவையுங்கள். மலிவான இன்வெர்ட்டரிலிருந்து கிட்டாரில் ஏறும் இரைச்சலைப் பின்னால் நீக்குவது மிகக் கடினம் என்பதால், அதை நம்பிக் கிட்டார் பதிவைத் தொடரவேண்டாம்.

தப்பு என்னும் பறையைப் பாடலில் சேர்க்க விரும்பும் குழுக்களுக்கு ஒரு சொல். மாரியம்மன் கோயில் விழாக்களில் வாசிக்கும் கலைஞரை அழைத்தால், அவருக்கு உரிய ஊதியத்தைக் கொடுத்து, பாடலின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயரையும் போடுங்கள். டர்பனின் கடற்காற்றில் ஈரம் அதிகம். தோல் தளர்ந்து ஒலி இறங்கிவிடும். அவர் வெளியில் வைக்கோலோ தாளோ கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டு உள்ளே வந்ததும் அதிக நேரம் கிடைக்காது, ஆகவே மைக்கை முன்னதாகவே வைத்து அளவு பார்த்திருக்கவேண்டும். மைக்கைத் தோலுக்கு மிக அருகில் வைக்காமல் ஒரு முழம் தள்ளி வைத்தால் குச்சியின் அடியும் தோலின் அதிர்வும் சேர்ந்து கிடைக்கும். நான் இருந்த ஒரு பதிவில், நாங்கள் கம்பிகளைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் தப்பு இரண்டு முறை குளிர்ந்துவிட, அந்தப் பெரியவர் முகம் சுளிக்காமல் மூன்றாம் முறையும் வாசலுக்குப் போய்க் காய்ச்சி வந்தார். அவரை அப்படி அலையவிட்டது எங்கள் தவறு.

குரலுக்கு விலையுயர்ந்த மைக் வேண்டியதில்லை. ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் அலறலை நன்றாகவே தாங்கும். மென்மையான பகுதிகளை முதலில் பாடி முடித்துவிட்டு அலறல்களைக் கடைசியில் எடுங்கள். தொண்டையில் வலி தோன்றினால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மிக்ஸிங்கில் குரலுக்கு வழிவிடுதல்

ல, ள, ழ ஆகியவற்றைக் காது பிரித்தறிய உதவும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கின்றன. டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டார் அடர்ந்து நிரம்பி நிற்பதும் அதே பகுதியில்தான். அதனால்தான் தமிழ் மெட்டல் பாடல்களில் ழகரம் முதலில் காணாமல் போகிறது. பாடகர் பாடும் இடங்களில் மட்டும் அந்தப் பகுதியில் கிட்டாரை இரண்டு மூன்று டெசிபல் தணித்துவிட்டு, பாடாத இடங்களில் பழைய அளவுக்குத் திரும்பட்டும். கேட்பவர் கிட்டார் குறைந்ததாக உணரமாட்டார், சொல் முன்னால் வந்ததாகவே உணர்வார். பேஸ் கிட்டாரை இரண்டாகப் பிரித்து, ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தூய்மையாகவும் மேலே உள்ளதை டிஸ்டார்ஷனோடும் வைத்தால் அடித்தளம் கலங்காது.

மிக்ஸ் முடிந்ததும் பாடலை முன்பு கேட்டிராத தமிழ் தெரிந்த ஒருவருக்குக் கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் ஒரு முறை மட்டும் போட்டுக்காட்டி, பல்லவியை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியது தவறானால் மிக்ஸ் முடியவில்லை என்று பொருள்.

மாஸ்டரிங் எனப்படும் இறுதி மெருகூட்டலில் ஒலியை அளவுக்கு மீறி ஏற்றுவதில் பயனில்லை. ஸ்பாட்டிஃபை இயல்பாக ஏறக்குறைய மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அலகு) அளவுக்கு எல்லாப் பாடல்களையும் சமப்படுத்துகிறது. மெட்டலின் அடர்த்திக்காக நீங்கள் மைனஸ் 9 அளவில் வைத்தாலும் அது தணித்தே ஒலிக்கும். உச்ச அளவு மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். இவ்வளவு உரக்க வைத்த பாடலுக்கு மைனஸ் 2 இன்னும் பாதுகாப்பானது. இறுதிக் கோப்போடு குரல் இல்லாத கருவியிசை வடிவம் ஒன்றையும் அன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

உரிமைப் பத்திரங்கள்

வரிகளை யார் எழுதினார், இசையை யார் அமைத்தார், யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை ஒரே தாளில் எழுதி, கூட்டினால் நூறு வருகிறதா என்று பார்த்து, எல்லோரும் கையொப்பமிடுங்கள். நண்பர்களாக இருக்கும்போது செய்யவேண்டிய வேலை இது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் சாம்ரோ என்ற உரிமை அமைப்பில் உறுப்பினராகிப் பாடலைப் பதிவுசெய்தால் வானொலியிலும் மேடையிலும் ஒலிப்பதற்கான உரிமைத்தொகை வந்துசேரும். நகலாக்கத்துக்கான தொகையை கபாசோவும், ஒலிப்பதிவில் வாசித்தவர்களுக்கும் பதிவின் உரிமையாளருக்கும் உரியதை சாம்ப்ராவும் கவனிக்கின்றன. மூன்றும் வெவ்வேறு அமைப்புகள். ஒன்றில் சேர்ந்தால் மற்றவற்றில் சேர்ந்ததாகாது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும், எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட குறியீடு தேவை. தென்னாப்பிரிக்காவில் இதை வழங்கும் அமைப்பு ரிசா. ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்குப் பாடலைக் கொண்டுசேர்க்கும் உங்கள் விநியோகத் தளமும் தரக்கூடும். இசைக்காணொளிக்குத் தனிக் குறியீடு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பாடல், இரண்டு காணொளி என்றால் மூன்று குறியீடுகள் வேண்டும். பழைய திரைப்படப் பாடலின் ஒரு துண்டை நடுவில் வைக்க ஆசை இருந்தால், எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அதைச் செய்யவேண்டாம்.

முதல் காணொளி: வரிகள்

பாடல் வெளியாகும் அன்றே வரிக்காணொளி வரவேண்டும் என்பது என் கருத்து. பலர் படம்பிடித்த காணொளியை முதலில் விடுகிறார்கள். ஆனால் தமிழ் காதில் விழுந்தும் கண்ணில் படாத தலைமுறைக்கு, பாடும்போதே எழுத்தும் தோன்றுவது பெரிய உதவி. தமிழ் எழுத்தைப் பெரிதாக நடுவிலும், ஆங்கில எழுத்தில் ஒலிப்பைச் சிறிதாகக் கீழும் வையுங்கள். ஆங்கிலத்திலும் இசிசூலு எனப்படும் சூலு மொழியிலும் பொருளைத் தனித் துணையெழுத்துக் கோப்பாக யூடியூபில் ஏற்றுங்கள். அண்டைவீட்டு நண்பர்களும் புரிந்துகொண்டு கேட்பார்கள்.

காணொளித் தொகுப்பு மென்பொருள்கள் சிலவற்றில் தமிழ் எழுத்து உடைந்துவிடும். 'கொ' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ககரத்தின் வலப்பக்கம் போய் நிற்கும், புள்ளி எழுத்தை விட்டு விலகி மிதக்கும். தமிழ் படிக்கத் தெரியாத தொகுப்பாளருக்கு அது தெரியவே தெரியாது. எளிய வழி ஒன்று உண்டு: லிபர் ஆஃபிஸ், இங்க்ஸ்கேப் போன்ற எழுத்தைச் சரியாகக் காட்டும் மென்பொருளில் வரிகளைத் தட்டி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக மாற்றி, அந்தப் படங்களைத் தொகுப்பில் வைக்கவேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்தா மலர் ஆகிய எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மெட்டல் தோற்றத்துக்காக எழுத்தைக் கூர்கூராகச் சிதைத்தால் ர, ா இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும். சிதைவைப் பின்னணியில் காட்டுங்கள், எழுத்தில் காட்டவேண்டாம்.

இரண்டாம் காணொளி: படப்பிடிப்பு

நான் முதன்முதலாகப் படம்பிடித்த குழுவின் காணொளியை ஒரு சமூக மண்டபத்தில் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்தோம். திரைப்படத் தோற்றம் வேண்டும் என்று விநாடிக்கு 24 சட்டங்களாக (ஃப்ரேம்) வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது எல்லாக் காட்சிகளிலும் கருமையான பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு நாள் உழைப்பு வீணாயிற்று. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது. விநாடிக்கு 25 சட்டங்கள், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி என்று வைத்தால் ஒவ்வொரு சட்டத்திலும் முழுத் துடிப்புகள் சரியாக விழுந்து பட்டை தோன்றாது. அமெரிக்காவிலிருந்து வரும் பயிற்சிக் காணொளிகள் அங்குள்ள 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை வைத்தே பேசுகின்றன, அவற்றை அப்படியே பின்பற்றாதீர்கள்.

பாடலின் தொடக்கத்தில் நான்கு கிளிக் சேர்த்த ஒரு கோப்பைத் தயார்செய்து, பெரிய ஸ்பீக்கரில் போட்டு, எல்லோரும் உண்மையாகவே வாசிக்கவும் பாடவும் வேண்டும். வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு புடைக்காது, அலறல் பொய்யாகத் தெரியும். கேமராவிலும் ஒலியைப் பதியவிடுங்கள், தொகுக்கும்போது பொருத்துவதற்கு அது வேண்டும்.

மெதுவான அசைவில் உடல் மிதக்க, உதடு மட்டும் பாட்டோடு பொருந்திவரும் காட்சியை எடுப்பது கடினமன்று. பாடலை இரு மடங்கு வேகத்தில் போட்டு, அந்த வேகத்துக்கே பாடகரைப் பாடச் சொல்லி, விநாடிக்கு 50 சட்டங்களாக எடுத்து, தொகுப்பில் 25 ஆக ஓடவிடவேண்டும். உதடு சரியான வேகத்துக்கு வந்துவிடும். தலைமுடியும் மழைத்துளியும் மெதுவாக விழும். இதற்காகப் பாடகர் வீட்டில் ஒரு வாரமாவது பயிற்சி செய்யவேண்டும், ஏனென்றால் இரு மடங்கு வேகத்தில் நெடில்கள்தான் முதலில் சுருங்கும். உதட்டில் 'பா' குறுகியிருந்தால் ஒலியில் சரியாக இருந்தும் பார்ப்பவருக்கு 'பலம்' என்றே படும்.

இடத் தேர்வில் டர்பன் நமக்குத் தாராளமாகவே கொடுத்திருக்கிறது. அம்கேனி ஆற்றின் முகத்துவாரத்தில் கிழக்கே கடலிலிருந்து சூரியன் எழுவதை எடுக்கவேண்டும் என்றால் டிசம்பரில் அதிகாலை 4.45 மணிக்கே ஆயத்தமாக நிற்கவேண்டும், ஜூனில் 6.50 வரை நேரம் இருக்கும். கடற்கரை, பூங்கா போன்ற பொது இடங்களுக்கு ஈதெக்வினி மாநகராட்சியின் அனுமதி தேவை. டர்பன் ஃபிலிம் ஆஃபிஸ் வழியாக விவரம் கேட்டு, நாளும் இடமும் முடிவானதும் விண்ணப்பித்துவிடுங்கள். வெருலம், டொங்காட் பக்கத்துக் கரும்புத்தோட்டங்கள் தனியார் நிலம், உரிமையாளரிடம் கேட்கவேண்டும். வெட்டுக்கு முன் கரும்பைக் கொளுத்தும் புகை காட்சிக்கு அழகாகத் தோன்றினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். தூரத்தில் நின்று எடுத்தாலே கரும்புச் சாம்பல் லென்ஸில் வந்து படியும், துடைக்கத் துணி வேண்டும். நம் முன்னோர் முதுகொடிந்து உழைத்த வயல்கள் அவை என்ற நினைவோடு அங்கு நில்லுங்கள்.

டிரோன் பறக்கவிடும் ஆசையில் பலர் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். தனிப்பட்ட பயன்பாட்டில்கூட மனிதர்களுக்கும் கட்டடங்களுக்கும் 50 மீட்டருக்குள்ளும், விமான நிலையத்துக்கு 10 கிலோமீட்டருக்குள்ளும் பறக்கவிடக்கூடாது. வெருலம் பக்கத்து வயல்கள் பல கிங் ஷாகா விமான நிலையத்தின் அந்த எல்லைக்குள் வருகின்றன. வருமானத்துக்கான காணொளி என்றால் உரிமம் பெற்ற விமானியும் நிறுவனமும் வேண்டும். சிறிய குழு டிரோனைக் கைவிட்டு, உயரமான ஓர் இடத்திலிருந்து எடுப்பதே நல்லது.

தைப்பூசக் காவடியையும் தீமிதியையும் எடுத்துப் பின்னணியில் ஓடவிடலாமா என்று ஒவ்வொரு குழுவும் கேட்கிறது. அருள்வந்த நிலையில் இருக்கும் ஒருவர் தன் முகம் ஒரு மெட்டல் பாடலில் வருவதற்கு இசைவு தந்திருக்கமாட்டார். எடுக்கவேண்டாம் என்றே சொல்வேன். வேண்டுமானால் தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்து, அரிதாரம் பூசுவதை அருகிலிருந்து எடுங்கள்: கன்னத்தில் முதல் வெள்ளைக் கோடு விழுவதும், விரல் நெற்றியில் நிற்பதும், கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்ப்பதும். மேலே கிட்டார் ஒலிக்கும்போது அந்த மூன்று காட்சிகளே போதும்.

வெளியீட்டு நாள்காட்டி

2015 ஜூலை முதல் உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது. அந்த வெள்ளிக்கு நான்கு வாரம் முன்பே பாடல் கோப்பையும் 3000-க்கு 3000 பிக்சல் முகப்புப் படத்தையும் விநியோகத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்திலிருந்து பாடலைப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்பவேண்டும். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். யூடியூபில் தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் சேர்த்து எழுதுங்கள், தேடுபவர் எப்படித் தேடினாலும் கிடைக்கவேண்டும். விநியோகத் தளத்தின் தானியங்கி உரிமைக் கண்காணிப்பு உங்கள் காணொளியையே பிறருடையதாக எண்ணித் தடுக்காதபடி, உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லுங்கள். லோட்டஸ் எஃப்எம் போன்ற வானொலிக்கு அனுப்பும்போது கோப்போடு பாடலின் பொருளை நான்கு வரியில் எழுதி வைத்தால் அறிவிப்பாளருக்குப் பேச ஏதாவது இருக்கும்.

வரிக்காணொளி வந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு படம்பிடித்த காணொளியை வெளியிடுங்கள். அதற்குள் சிலராவது பல்லவியைக் கற்றிருப்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் மூலத் தடங்களை அழித்துவிடாதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் நாற்பது தடம் கொண்ட நான்கு நிமிடப் பாடலுக்கு ஒரு டேக் சுமார் 1.4 ஜிபிதான் வரும். இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். அதே கோப்புறையில், கோடிட்டு வட்டமிட்ட அந்தப் பாடல் தாளின் படத்தையும், பெரியவர் வாசித்த குரல் பதிவையும் சேர்த்துவிடுங்கள்; இரண்டாம் பாடலுக்கு உட்காரும்போது முதலில் திறக்கவேண்டியவை அவையே.